மாடிக்கு இணையம்: வயரா, ரிப்பீட்டரா, மெஷ்ஷா?

ஃபைபர் இணைப்பு கொடுக்க வருகிறவர் பெட்டியைத் தனக்கு வசதியான இடத்தில்தான் மாட்டுவார். தெருவிலிருந்து வரும் இழை எந்தச் சுவரைத் தொடுகிறதோ, அந்தச் சுவர். பெரும்பாலும் ஹால், டிவிக்குப் பக்கத்தில். வேலை செய்கிற கம்ப்யூட்டர்கள் இருப்பதோ மாடியறையிலும் பின்பக்க அறையிலும். நடுவில் கம்பி கட்டிய கான்கிரீட் தளம், இரண்டு ஒன்பது அங்குலச் சுவர், சில வீடுகளில் ஸ்டீல் பீரோ வேறு. ஹாலில் சோதித்தால் 100 எம்பிபிஎஸ் காட்டும் இணைப்பு மாடியில் திணறுகிறது. உடனே கடைக்குப் போய் "நல்ல ரூட்டரா ஒண்ணு கொடுங்க" என்கிறோம்.

அதற்கு முன் ஒன்றை யோசித்துவிடுவது நல்லது. எதை வாங்கினாலும், கீழே இருக்கும் பெட்டிக்கும் மேலே வைக்கப்போகும் பெட்டிக்கும் இடையில் தகவல் எதன் வழியாகப் போகப்போகிறது? காற்றிலா, ஈதர்நெட் வயரிலா, மின்சார வயரிலா? செலவு, வேகம், தலைவலி மூன்றும் இதைப் பொறுத்துத்தான்.

ஒரு கம்ப்யூட்டர் வழியாக மற்றவை

முதலில் பழைய வழி. 2005-இல் பிஎஸ்என்எல் டேட்டாஒன் வந்த புதிதில் 256 கேபிபிஎஸ்தான் பிராட்பேண்ட். அப்போதைய அரசு வரையறையும் அதுவே. பல வீடுகளில் மோடத்தில் ஒரே ஒரு போர்ட். இரண்டாவது கம்ப்யூட்டருக்கும் இணையம் வேண்டுமென்றால் முதல் கம்ப்யூட்டரில் இன்னொரு நெட்வொர்க் கார்டு போட்டு, விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பிலிருந்தே இருந்த இணைப்புப் பகிர்வு வசதியை இயக்க வேண்டும். முதல் கம்ப்யூட்டரை அணைத்தால் இரண்டாவதற்கும் இணையம் போய்விடும். ஒரு முகவரியைப் பல கருவிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் அந்த வேலையை இப்போது ரூட்டரே செய்கிறது. ஆகவே வீட்டில் இதற்கு இனி இடமில்லை. ஒரே ஒரு கருவிக்கு மட்டும் லாகின் தரும் விடுதி அறையில் விண்டோஸின் மொபைல் ஹாட்ஸ்பாட் இன்றும் கைகொடுக்கும். அவ்வளவுதான்.

வயர் இழுப்பது

என் ஓட்டு இதற்குத்தான், தயக்கமே இல்லை. இடம் மாறாத கம்ப்யூட்டருக்கு எதற்குக் காற்றில் சிக்னல்? ஈதர்நெட் கேபிளில் கேட் 5இ, கேட் 6 என்று தரங்கள் உண்டு. கேட் 5இ கேபிளே 100 மீட்டர் வரை ஒரு ஜிகாபிட் வேகத்தைக் கொண்டுபோகும். கேட் 6 அதே தூரத்துக்கு ஒரு ஜிகாபிட்டும், ஏறக்குறைய 55 மீட்டர் வரை 10 ஜிகாபிட்டும் தாங்கும். எந்த வீட்டிலும் ஹாலுக்கும் மாடியறைக்கும் அவ்வளவு தூரம் கிடையாது. பக்கத்து வீட்டு வைஃபை, மைக்ரோவேவ் அடுப்பு எதுவும் இதைத் தொந்தரவு செய்யாது.

ஆனால் வாங்கும்போது ஏமாற வாய்ப்பு உண்டு. கடையில் மலிவாகக் கிடைக்கும் கேபிள்களில் பல, அலுமினியக் கம்பிக்கு மேல் செம்பு பூசியவை. வளைத்தால் எளிதில் முறியும். தூரம் கூடக்கூட சிக்னல் நலியும். "முழுச் செம்புதானா?" என்று கேட்டே வாங்குங்கள். ஒரு முனையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரிகிறதா என்று பார்த்துவிடலாம். கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடை. முழுப் பெட்டி 305 மீட்டர்; வீட்டுக்கு அது தேவையே இல்லை, மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள்.

கேபிளுக்குள் நான்கு ஜோடிக் கம்பிகள். ஒரு ஜிகாபிட் வேகத்துக்கு நான்கு ஜோடியும் வேலை செய்ய வேண்டும். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இரண்டே போதும். இதனால்தான் கேபிள் முனையில் மாட்டும் ஜாக் சரியாக அழுத்தப்படாமல் ஒரு கம்பி விட்டுப்போனாலும் இணையம் வருகிற மாதிரியே இருக்கும், வேகம் மட்டும் 95-ஐத் தாண்டாது. 200 எம்பிபிஎஸ் திட்டத்துக்குப் பணம் கட்டிவிட்டு மாதக்கணக்கில் இப்படியே ஓட்டுகிறவர்கள் உண்டு. விண்டோஸில் ஈதர்நெட் விவரத்தைத் திறந்து இணைப்பு வேகம் 1000 என்று இருக்கிறதா, 100 என்று இருக்கிறதா பாருங்கள். 100 என்றால் முதலில் ஜாக்கைச் சந்தேகப்படுங்கள், அப்புறம் ஃபைபர் பெட்டியை. சில பெட்டிகளில் ஒரு போர்ட் மட்டும் ஜிகாபிட், மற்றவை 100.

கரண்ட் வயர் போகும் பைப்பிலேயே இதையும் திணிக்காதீர்கள். எலக்ட்ரீஷியன் "ஒண்ணும் ஆகாது சார்" என்பார். இன்சுலேஷன் உரிந்தால் கம்ப்யூட்டருக்கே மின்சாரம் ஏறும். டிவி கேபிளுக்கான பைப் சும்மா கிடந்தால் அதில் விடலாம். வெளிச்சுவர் வழியாக மாடிக்கு ஏற்றுவதானால் வெயில் தாங்கும் கறுப்பு உறை போட்ட கேபிள்தான் வேண்டும். சாதாரண உறை நம் வெயிலில் வெளிறி வெடித்துவிடும். வெளியே போகும் செம்பு வயருக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. பக்கத்தில் இடி விழுந்தால் அதன் வழியாக வரும் மின்னழுத்தம் இரு முனையிலும் உள்ள போர்ட்டுகளைக் கருக்கிவிடும். ஐப்பசி மழையில் இடி இடிக்கும்போது கழற்றிவைப்பது நல்லது. முடிந்தவரை வீட்டுக்கு உள்ளேயே கொண்டுபோங்கள்.

மாடியில் இரண்டு, மூன்று கம்ப்யூட்டர்கள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனி வயர் வேண்டாம். ஒரே வயரை மேலே கொண்டுபோய் ஒரு வயரைப் பலவாகப் பிரித்துக் கொடுக்கும் ஐந்து போர்ட் ஜிகாபிட் ஸ்விட்ச்சில் செருகினால் போதும். அதில் எந்த அமைப்பும் செய்ய வேண்டியதில்லை.

வயரின் முனையில் பழைய ரூட்டர்

கம்ப்யூட்டருக்குச் சரி, போனுக்கும் லேப்டாப்புக்கும்? அதே வயரின் மேல் முனையில் பரணில் கிடக்கும் பழைய ரூட்டரைச் செருகுங்கள். செலவே இல்லாத, ஆனால் பலரும் தவறாகச் செய்கிற வழி இது. கேபிளை ரூட்டரின் வான் (WAN) போர்ட்டில், அதாவது வெளி இணைப்புக்கான போர்ட்டில், செருகினால் வீட்டுக்குள் இரண்டு தனித்தனி நெட்வொர்க்குகள் உருவாகிவிடும். கீழே இருக்கும் பிரிண்டரை மாடி லேப்டாப் தேடும், கிடைக்காது. வீட்டுக் கருவிகளுக்கான லான் (LAN) போர்ட்டில் செருக வேண்டும். ஆனால் செருகுமுன் அதன் அமைப்புப் பக்கத்தில், கருவிகளுக்கு முகவரி ஒதுக்கும் டிஹெச்சிபியை அணைத்து, ரூட்டரின் சொந்த முகவரியை மாற்றிவிடுங்கள். கீழ்ப் பெட்டி 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2 கொடுக்கலாம், கீழ்ப் பெட்டி அந்த முகவரியை வேறு கருவிக்குக் கொடுக்காதபடி பார்த்துக்கொண்டால் சரி. வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் கீழே உள்ளதே இருக்கட்டும். சேனல் மட்டும் வேறு: வைஃபையின் இரண்டு அலைவரிசைகளில் (2.4, 5 கிகாஹெர்ட்ஸ்) 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாதவை 1, 6, 11 மூன்றுதான்; கீழே 1 என்றால் மேலே 6 அல்லது 11. புதிய ரூட்டர்களில் 'ஆக்ஸஸ் பாயிண்ட்' என்று ஒரு பொத்தானே இருக்கும், இந்த வேலையெல்லாம் அதுவே செய்துவிடும்.

ரொம்பப் பழைய பெட்டி என்றால் 2.4 மட்டுமே இருக்கும், போர்ட்டுகளும் 100 எம்பிபிஎஸ்தான். 50 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு அது தாராளம். ஆனால் வைஃபையைப் பூட்டும் முறையான டபிள்யூபிஏ2 பாதுகாப்புகூட இல்லாத பெட்டியைப் பழைய சாமான்காரரிடம் கொடுத்துவிடுங்கள்.

ரிப்பீட்டர்

பிளக் பாயிண்ட்டில் செருகும் சின்னப் பெட்டி. விலையும் சின்னது. அதிகம் விற்பதும், அதிகம் ஏமாற்றுவதும் இதுதான். மலிவானது, கீழ்ப் பெட்டியின் வைஃபையை ஒரே ரேடியோவில் கேட்டு அதே ரேடியோவில் திரும்பச் சொல்கிறது; அதனால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். ஐந்து கோடு சிக்னல் காட்டும், வீடியோ அழைப்பு மட்டும் உறையும். சிக்னலே இல்லாத அறையில் கொண்டுபோய் வைப்பது அடுத்த தவறு. தானே கேட்காததை அது எப்படித் திருப்பிச் சொல்லும்? பாதி வழியில், மாடிப்படித் திருப்பத்தில் வைக்க வேண்டும். அங்கே பிளக் இருக்காது, அது வேறு கதை. வாசல் கேட் பக்கத்துக் கேமராவுக்கோ, வாட்ஸ்அப் மட்டும் பார்க்கும் போனுக்கோ இது போதும். அலுவலக வேலை செய்யும் கம்ப்யூட்டருக்கு வேண்டாம்.

மெஷ்

வீட்டில் இரண்டு, மூன்று பெட்டிகளை வைத்து ஒரே வைஃபையாகப் பரப்புவது. விளம்பரத்தில் மாயம்போலக் காட்டுகிறார்கள். வயர் இல்லாமல் வைத்தால் மெஷ்ஷும் ரிப்பீட்டரின் அண்ணன்தான். கொஞ்சம் படித்த அண்ணன். பெட்டிகள் தங்களுக்குள் பேசிக்கொண்டு போனை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு இதமாகக் கைமாற்றும், எல்லாவற்றையும் ஒரே ஆப்பில் பார்க்கலாம். பெட்டிகளுக்கு இடையே பேசுவதற்கென்றே மூன்றாவது ரேடியோ உள்ள மாடலில் வேகம் பெரிதாகக் குறையாது. இரண்டு ரேடியோ மட்டும் உள்ள மலிவு மாடலில், உங்கள் லேப்டாப்பும் அந்தப் பேச்சும் அதே அலைவரிசையைப் பங்கு போட்டுக்கொள்ளும். கான்கிரீட் தளத்தை 5 கிகாஹெர்ட்ஸ் தாண்டுவது கடினம் என்பதால், எவ்வளவு விலை கொடுத்தாலும் பெட்டிகளைப் படிக்கட்டுப் பக்கம், ஒன்றுக்கு நேர் மேலே இன்னொன்றாக வைக்கப் பாருங்கள்.

வாடகை வீடு, ஆணிகூட அடிக்கக்கூடாது என்கிற வீட்டுக்காரர் என்றால் மெஷ்தான் வழி, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வாங்கினால் ஒரே கம்பெனியின் பெட்டிகளாக வாங்குங்கள். பல கம்பெனிகளின் பெட்டிகளைச் சேர்க்க ஈஸிமெஷ் என்ற பொதுத்தரம் 2018-இலேயே வந்துவிட்டாலும் எல்லோரும் அதைப் பின்பற்றுவதில்லை. ஃபைபர் பெட்டியின் சொந்த வைஃபையை அணைக்க மறக்காதீர்கள்.

மின்சார வயர் வழியாக

பவர்லைன் அடாப்டர் என்று ஒன்று உண்டு. சுவர் பிளக்கில் செருகினால் மின்வயரே நெட்வொர்க் கேபிளாகும். நம் வீடுகளில் பெரும்பாலும் ஏமாற்றும். மாடிக்கு ஒரு ஃபேஸ், கீழே இன்னொன்று. இன்வெர்ட்டர் லைன் தனி. எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சர்ஜ் பாதுகாப்பு இருந்தால் அது சிக்னலை விழுங்கிவிடும். ஒன்றரை அடி கனச் சுவருள்ள பழைய சுண்ணாம்புக் கட்டட வீட்டில், இரண்டு பிளக்கும் ஒரே ஃபேஸில் இருந்தால் மட்டும் முயன்று பார்க்கலாம். அதுவும் பிடிக்கவில்லை என்றால் திருப்பி வாங்கிக்கொள்ளும் கடையில்.

எந்த வழியானாலும் கரண்ட் போனால் கீழ்ப் பெட்டி, மேல் பெட்டி, ஸ்விட்ச் மூன்றுமே உயிரோடு இருக்க வேண்டும். இன்வெர்ட்டர் பிளக் இல்லாத இடத்தில் 12 வோல்ட் மினி யூபிஎஸ் போதும். பெட்டியின் அடாப்டரில் அச்சிட்டிருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் பொருந்துகின்றனவா என்று பார்த்து வாங்குங்கள்.

இன்னொன்று: மாடிக் கம்ப்யூட்டர் புகைப்படங்களைக் கிளவுடுக்கு ஏற்றும்போது கீழே அழைப்பு உடைகிறது என்றால், அது வயரின் குற்றமோ மெஷ்ஷின் குற்றமோ அல்ல. மேலேற்றும் பாதை நிரம்பிவிட்டது. அந்த மென்பொருளில் அப்லோடு வேகத்துக்கு வரம்பு வையுங்கள், அல்லது இரவுக்குத் தள்ளுங்கள். வீட்டில் நான்கு விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் இருந்தால் டெலிவரி ஆப்டிமைசேஷன் அமைப்பில், உள்ளூர் நெட்வொர்க்கில் உள்ள மற்ற கம்ப்யூட்டர்களிலிருந்தும் அப்டேட் எடுத்துக்கொள்ள அனுமதி கொடுங்கள். ஒன்று இறக்கியதை மற்றவை வீட்டுக்குள்ளேயே வாங்கிக்கொள்ளும்.

வீடு கட்டிக்கொண்டிருப்பவர் என்றால் இந்த ஒப்பீடே தேவையில்லை. பூச்சு வேலைக்கு முன்பே ஹாலிலிருந்து ஒவ்வோர் அறைக்கும் தனித்தனியாக ஓர் அங்குல பைப் போட்டு, பின்னால் கேபிளை இழுக்க உள்ளே இழுகம்பியும் விட்டுவைக்கச் சொல்லுங்கள்.