மாங்குளத்து வாடகை ஜீப்: சாரதிக்கு முழுப் புள்ளி, டயருக்குப் பாதி

கனடாவிலிருந்து வந்த சித்தப்பா குடும்பம் கற்சிலைமடுவையும் முத்தையன்கட்டுக் குளத்தையும் பார்த்தே ஆகவேண்டும் என்று நின்றார்கள். வான் பிடித்தால் கிறவல் றோட்டில் அடி தட்டும். அதனால் மாங்குளத்தில் ஜீப் வாடகைக்கு விடுகிற ஒருவரிடம் போனோம்.

ஒட்டுசுட்டான் வரை காப்பெற் றோட்டு, சொல்ல ஒன்றுமில்லை. கற்சிலைமடுவில் சித்தப்பா இறங்கிக் கனநேரம் நின்றார். 1803 ஓகஸ்டில் ஆங்கிலேயரிடமிருந்து முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்த வன்னிச் சிற்றரசன் பண்டார வன்னியனை, மன்னார்ப் பக்கமிருந்து வந்த கப்டன் டிறிபேர்க்கின் ஆங்கிலேயப் படை ஒக்டோபர் 31இல் தோற்கடித்தது இங்கேதான். அந்தக் காலத்தில் காட்டுக்குள்ளால் படை எப்படி வந்திருக்கும் என்று கேட்டார். “இப்ப நாங்கள் போகப்போற மாதிரித்தான் ஐயா, குலுங்கிக் குலுங்கி” என்றார் சாரதி.

உள்ளே திரும்பியதும் அது விளங்கியது. மண்ணும் கிறவலும் ஏற்றுகிற டிப்பர்கள் ஓடியோடி வழி நெடுக இரண்டு ஆழமான தடங்களை விழுத்தி வைத்திருக்கின்றன. சாரதி அந்தத் தடத்துக்குள் சில்லை விடவே இல்லை. ஒரு பக்கத்தை நடு மேட்டிலும் மறுபக்கத்தை ஓரப் புல்லிலும் வைத்து, இரண்டாம் கியரிலேயே உருட்டினார். முதல்நாள் மழையில் தண்ணீர் தேங்கிய ஒரு பள்ளத்தில், செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கிக் கம்பால் குத்திப் பார்த்தார். அடி இறுக்கம் என்று தெரிந்த பிறகுதான் ஏறினார். “தம்பி, வேற வழி இல்லையா?” என்றார் சித்தி. “இருக்கு அம்மா, அதில யானை நிக்கும்.”

ஜீப்பைப் பற்றி இப்படிச் சொல்ல முடியாது. ஏசி இல்லை; கண்ணாடியைத் திறந்தால் செம்புழுதி, மூடினால் புழுக்கம். ஸ்பெயார் டயர் மொட்டை. இதைவிடக் கவனிக்க வேண்டியது கணக்கு. உரிமையாளர் கிலோமீற்றருக்கு இவ்வளவு என்றுதான் பேச்சைத் தொடங்குவார். கிறவலில் கிலோமீற்றர் கொஞ்சம், நேரம் கூட. அடுத்த ஹயர் இருந்தால் குளக்கட்டில் கால் ஆற விடமாட்டார்கள். நாங்கள் நாள் வாடகை என்று முதலிலேயே பேசி முடித்தோம். காசு கொஞ்சம் கூடத்தான், ஆனால் குளக்கட்டில் ஆறுதலாக இருந்து சோற்றுப் பார்சலைப் பிரிக்க முடிந்தது.

ஆவணி, புரட்டாதியில் போங்கள். மார்கழியில் குளம் நிரம்பி வான் பாய்ந்தால் பார்க்க அழகுதான், ஆனால் இந்த டயரை நம்பி நான் போகமாட்டேன். அப்புறம், ஸ்பெயாரைக் காட்டச் சொல்லிப் பார்த்த பிறகே அட்வான்ஸ் கொடுங்கள்.