பழைய குடும்ப வீட்டைக் காலி செய்ய: கம்பெனியா, காராங்குனியா, நம் கையா?

சிங்கப்பூரில் பெற்றோர் முப்பது நாற்பது வருடம் வாழ்ந்த வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்குக் குடிபோகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, யாரைக் கூப்பிட்டுக் காலி செய்வது என்றுதான். அதற்கு முன்னால் வேலையை இரண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி. எது வேண்டும், எது வேண்டாம் என்று பார்த்துப் பிரிப்பது ஒரு வேலை. வேண்டாததைத் தூக்கி வெளியேற்றுவது இன்னொரு வேலை. இரண்டையும் ஒரே ஆளிடம் விட்டால் ஒன்று நிச்சயம் கெடும். என் மாமனார் வீட்டுக்கு, தோ பாயோவில் ஒரு மூவறை வீடு, நாங்கள் மாறியபோது எல்லா வழியிலும் கொஞ்சம் கொஞ்சம் போய்ப் பார்த்தோம். அதை வைத்துச் சொல்கிறேன்.

வேகத்தில், வீட்டுச் சாமானை அள்ளிக்கொண்டு போகும் கம்பெனியை யாரும் அடிக்க முடியாது. வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினால் எத்தனை லாரி ஆகும் என்று கணக்குப் பார்த்து விலை சொல்கிறார்கள். ஆட்கள் வந்து அலமாரியைக் கழற்றி, கட்டிலைப் பிரித்து, மெத்தையைச் சுருட்டி, மின்தூக்கியில் இறக்கிக் கொண்டுபோய்விடுவார்கள். இடுப்பு பிழைக்கும், விடுமுறை மிஞ்சும். ஆனால் அவர்கள் எதையும் திறந்து பார்க்க மாட்டார்கள். அது அவர்கள் வேலையும் இல்லை. லாரியில் ஏறியதில் மறுசுழற்சிக்குப் போகாதது குப்பை எரிக்கும் ஆலைக்குப் போகிறது, சாம்பல் செமாக்காவ் தீவுக்குப் போகிறது. அந்த நிலநிரப்பு இடமும் 2035 வாக்கில் நிறைந்துவிடும் என்று கணித்திருக்கிறார்கள். ஏறியதைத் திரும்பக் கேட்க வழியில்லை.

எங்கள் வீட்டு அலமாரியையே எடுத்துக்கொள்ளுங்கள். இழுப்பறையின் அடியில் விரித்திருந்த பழைய செய்தித்தாளைத் தூக்கினால் கீழே பழுப்பு உறை. உள்ளே மாமனாரின் அப்பாவுடைய குடியுரிமைச் சான்றிதழ், நாலாய் மடித்து, மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்தது. மைலோ டின்னில் பொத்தான்களோடு பறவை படம் போட்ட ஒரு வெள்ளி (டாலர்) பணத்தாள்கள். இந்தத் தாள்கள் செல்லாது என்று பலர் நினைக்கிறார்கள். 1967இல் வந்த ஆர்க்கிட் வரிசை, 1976இல் வந்த பறவை வரிசை, 1984இல் வந்த கப்பல் வரிசை எல்லாமே இன்றும் செல்லுபடியாகும். பழம்பணம் சேர்ப்பவர்கள் சில தாள்களுக்கு முகமதிப்பைவிட அதிகமாகவும் கொடுப்பார்கள். நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலா கப்பலில் வந்த தலைமுறையின் வீடு என்றால் பழைய கடப்பிதழும் பயணச்சீட்டும்கூட ஒரு பையில் கிடக்கலாம். கம்பெனி வரும் நாளில் அலமாரி காலியாக இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

அடுத்த வழி துண்டு துண்டாகப் போவது: காராங்குனி (வீடு வீடாக வந்து பழைய சாமான் வாங்குகிறவர்), பேட்டையைப் பராமரிக்கும் நகர மன்றம், நன்கொடை, பழைய பொருள் விற்கும் கேரோசல் இணையத்தளம். செலவு குறைவு, பொறுமை அதிகம் வேண்டும். காராங்குனிக்காரர் செய்தித்தாள், துணி, உலோகம், பழைய மின்பொருள் எடுப்பார். சோபா, மெத்தை, அலமாரி பக்கமே வர மாட்டார். கிடைப்பது சில வெள்ளிதான், அதற்காக அவரிடம் பேரம் பேசுவது எனக்குப் பிடிக்கவில்லை. 2017 ஜூலையில் சுங்கை ரோடு சந்தை மூடியதோடு பழைய சாமான் விற்கிறவர்களுக்கு இருந்த பெரிய இடமும் போய்விட்டது. ஒன்று மட்டும் கவனம்: பித்தளையும் செம்பும் எடைக்குப் போகக்கூடாது. கறுத்துப்போன குத்துவிளக்கைப் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தால் ஒரு மாலையில் பளபளக்கும். இன்று தேக்கா கடைகளில் அதே கனத்தில் விளக்கு வாங்கப் போனால் என்ன விலை என்று விசாரித்துப் பாருங்கள்.

பெரிய சாமான்களுக்கு நகர மன்றம் நல்ல வழி. பல நகர மன்றங்கள் மாதம் மூன்று பொருள் வரை இலவசமாக எடுத்துக்கொள்கின்றன. மாதக் கடைசியில் ஒரு முறை, அடுத்த மாதத் தொடக்கத்தில் ஒரு முறை என்று பதிவு செய்தால் ஆறு பொருள் போய்விடும். ஓடு, சிமெண்ட் போன்ற புதுப்பிப்புக் கழிவை எடுக்க மாட்டார்கள். ஆள் வரும்வரை எல்லாவற்றையும் வாசலுக்கு வெளியே பொதுத் தாழ்வாரத்தில் அடுக்கி வைக்கவும் முடியாது. தீ, அவசரம் என்றால் ஆள் போக 1.2 மீட்டர் வழி விட்டிருக்க வேண்டும். அதனால் இந்த வழியில் போகிறவர்களுக்கு வீட்டுக்குள்ளேயே ஓர் அறை கிடங்காக வேண்டும்.

குளிர்பெட்டி, சலவை இயந்திரம், தொலைக்காட்சிக்கு யாரையும் தேட வேண்டாம். 2021 ஜூலையிலிருந்து, புதியது வாங்கி வீட்டுக்குக் கொண்டுவரச் சொன்னால் அதே வகைப் பழையதைக் கடைக்காரர் இலவசமாக எடுத்துப் போக வேண்டும். வாங்கும்போதே கேட்டு ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நன்கொடை பற்றி வெளிப்படையாகவே சொல்கிறேன். சால்வேஷன் ஆர்மி போன்ற அமைப்புகளின் கடைகள் நல்ல நிலையில் இருக்கும் பொருளைத்தான் கேட்கின்றன. மூட்டைப்பூச்சி இருக்குமோ என்று நமக்கே சந்தேகம் உள்ள சோபாவை அங்கே அனுப்பினால், தூக்கிப்போடும் செலவை அவர்கள் தலையில் கட்டுகிறோம். கேரோசலில் இலவசம் என்று போட்டால் மேசை நாற்காலி சீக்கிரம் போகும், வருகிறேன் என்றவர் வராமலும் இருப்பார். தேதி நெருங்கும்போது அதை நம்ப வேண்டாம்.

அப்புறம், நம் கை. எனக்கு முக்கியமானது இதுதான், அதிக நேரம் எடுப்பதும் இதுதான். வயதானவரை ஒவ்வோர் அறைக்கும் நடக்கவைத்து "இது வேணுமா, அது வேணுமா" என்று கேட்டால் பதில் ஒன்றுதான் வரும்: "இருக்கட்டும்மா." மாமியாரை, அதாவது அத்தையை, கூடத்தில் மின்விசிறிக்கு அடியில் உட்காரவைத்து, ஒரு நேரத்தில் ஒரு பெட்டி மட்டும் கொண்டுபோய் வைத்தோம். "அத்தை, இதுல எதை உங்க அறைக்குக் கொண்டு போகலாம்?" என்று கேட்டபோதுதான் வேலை நகர்ந்தது. எதைத் தூக்கிப் போடலாம் என்று கேட்டால் மனசு இறுகிவிடும், எதை வைத்துக்கொள்வது என்று கேட்டால் அவர்களே தேர்ந்தெடுத்துக்கொள்கிறார்கள். தாலி கட்டிய நாளின் புடவையைத் தனியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டார், மற்றவற்றை நாத்தனார்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். பெரிய அண்டாவையும் இட்லிக் கொப்பரையையும் யார் கேட்டாலும் கொடு என்று அவரே சொல்லிவிட்டார்.

சாமி படங்களை எந்தக் கம்பெனிக்கும் விடக்கூடாது. முதலில் உறவுக்காரர்களைக் கேளுங்கள், யாராவது ஒருவர் பழனி முருகனைக் கேட்டு வாங்கிப் போவார். மிஞ்சியதற்குப் பக்கத்துக் கோயிலில் விசாரித்துவிட்டு முடிவு செய்யலாம். குப்பைக்குழாயில் போடுவதற்கு எனக்கு மனம் வராது.

ஆக காகிதம், துணி, பூசைச் சாமான், பாத்திரம் நம் கையில், மின்பொருள் கடைக்காரரிடம், மரச்சாமான் மூன்று நாலுதான் என்றால் நகர மன்றம், அதற்கு மேல் என்றால் கம்பெனி. கையில் ஒரு வாரம்தான் இருக்கிறது, கூடப்பிறந்தவர்கள் வெளிநாட்டில் என்றால் முழுக்கக் கம்பெனியிடம் விடுவதில் தப்பில்லை. அப்போதும் இழுப்பறைகளையும் டின்களையும் புத்தகங்களையும் ஒரு முறை உதறிவிடுங்கள்.

சுத்தம் செய்வதில் எனக்கு இவ்வளவு யோசனை தேவைப்படவில்லை. வீடு காலியானதும் துப்புரவு கம்பெனிக்குக் காசு கொடுப்பது தகும், குறிப்பாக நம் சமையலறைகளுக்கு. பல வருடத் தாளிப்பு எண்ணெய் அடுப்புக்கு மேலே ஓட்டு இடுக்குகளில் தேன் நிறத்தில் பிசினாக இறுகியிருக்கும். சுடுதண்ணீரும் பாத்திரச் சோப்பும் போட்டு ஊறவைத்து, பிளாஸ்டிக் கரண்டியால் சுரண்டினால் நாமும் எடுக்கலாம், ஆனால் ஒரு சுவருக்கே கை விட்டுப்போகும். குளிர்சாதனக் கருவியின் உள்பக்கமும் தெரிந்த ஆள் செய்ய வேண்டியது. அலமாரிகளும் சன்னல்களும் நாமே செய்யக்கூடியவை.

கம்பெனி ஆட்களோ நாமோ, யார் செய்தாலும் இரண்டு விஷயம். பழைய வீடுகளில் உள்ள மொசைக் தரையில் பளிங்குச் சில்லுகள் இருக்கின்றன. கழிப்பறைக்கு ஊற்றும் அமிலமோ வினிகரோ பட்டால் பளபளப்பு அரித்துப்போகும். அதற்கு மிதமான சோப்புத் தண்ணீர் போதும், மங்கியிருந்தால் இயந்திரம் வைத்துத் தேய்த்து மெருகேற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். உடைத்துப் புது ஓடு போடுவதைவிட எனக்கு அந்தத் தரைதான் அழகு. இரண்டாவது, குளியலறையில் பிளீச்சையும் அமிலக் கழுவியையும் ஒன்றன்மேல் ஒன்று ஊற்றவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும், சன்னல் சிறிதாக இருக்கும் குளியலறையில் அது ஆபத்து. ஒன்றைப் போட்டு நன்றாகக் கழுவிவிட்டு, இன்னொன்றை மறுநாள் போடுங்கள்.

கரப்பானுக்கு மருந்து வைக்கிறவரை, காலி செய்த பிறகு, சுத்தம் செய்வதற்கு முன் கூப்பிடுவது நல்லது. கழற்றிய அலமாரிக்குப் பின்னால் இருக்கும் பொந்துகள் அப்போதுதான் அவர் கண்ணில் படும். சாயம் பூசுகிறவர் அதற்கும் பிறகு வரட்டும், எண்ணெய்ப் பிசுக்கு உள்ள சுவரில் சாயம் நிற்காது.