எடை குறைந்த குழந்தைக்குக் கண்ணாடிப் பெட்டியா, வார்மரா, அம்மாவின் நெஞ்சா?

ஒன்றரைக் கிலோவில் பிறந்த குழந்தையைப் பார்க்க வரும் சொந்தக்காரர்கள் முதலில் கேட்பது, "பெட்டியில வெச்சிருக்காங்களா?" என்றுதான். ஆமாம் என்றால் அவர்களுக்கு நிம்மதி. "இல்ல, அம்மா நெஞ்சோட சேர்த்துக் கட்டி வெச்சிருக்காங்க" என்றால் முகம் மாறிவிடும். வசதி இல்லாத ஆஸ்பத்திரி, இருப்பதை வைத்து ஒப்பேற்றுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். மருந்துக்கும் கருவிக்கும் பணம் ஒதுக்குகிறவர்கள் பலரிடமும் இதே எண்ணம் உண்டு. கிடைத்திருக்கும் ஆதாரங்கள் சொல்வது வேறு.

2.5 கிலோவுக்குக் கீழே பிறப்பதைத்தான் எடை குறைந்த பிறப்பு என்கிறோம். 2020இல் உலகம் முழுக்க ஏறக்குறைய 1.98 கோடிக் குழந்தைகள் அப்படிப் பிறந்தார்கள். தோல் மெல்லிசு, தோலுக்கு அடியில் கொழுப்பு மிகக் குறைவு. அதனால் அறையின் சாதாரணக் காற்றே அவர்களைக் குளிர வைத்துவிடும். உடல் வெப்பம் 36.5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால், சூட்டை மீட்கவே இருக்கிற சர்க்கரையும் ஆக்சிஜனும் செலவாகும். ரத்தத்தில் சர்க்கரை இறங்கும், பால் குடிக்கத் தெம்பு இருக்காது, கிருமித் தொற்று எளிதில் பிடிக்கும். ஆகவே சூடு தருவது எப்படி என்பதுதான் முதல் கேள்வி.

கண்ணாடிப் பெட்டிக்கு, அதாவது இன்குபேட்டருக்கு, உரிய மரியாதையைக் கொடுத்தாக வேண்டும். 1880களின் தொடக்கத்தில் பாரிஸ் மகப்பேறு மருத்துவமனையில் ஸ்தெஃபான் தார்னியே என்ற மருத்துவர், கோழிக்குஞ்சு பொரிக்கும் அடைப்பெட்டியைப் பார்த்து இதைச் செய்ய வைத்தார். 2 கிலோவுக்குக் கீழான குழந்தைகளின் இறப்பு அங்கே 66 சதவீதத்திலிருந்து 38 ஆகக் குறைந்தது என்று பதிவாகியிருக்கிறது. வெப்பமும் ஈரப்பதமும் ஒரே அளவில் நிற்கும் என்பது பெட்டியின் பலம். ஆனால் தடையில்லாத மின்சாரம், தினமும் கிருமிநீக்கம், பழுதானால் உதிரி பாகம், பழுது பார்க்கத் தெரிந்த ஆள் இத்தனையும் இருந்தால்தான் அந்தப் பலம் கைக்கு வரும். ஆப்பிரிக்காவிலும் தெற்காசியாவிலும் நன்கொடையாக வந்த இன்குபேட்டர்கள் ஒரு சென்சார் போனதற்காக வராந்தா ஓரத்தில் தூசி படிந்து நிற்பதை எத்தனையோ மாவட்ட மருத்துவமனைகளில் பார்க்கலாம்.

இந்திய அரசு மருத்துவமனைகளின் பச்சிளம் குழந்தைப் பிரிவுகளில் அதிகம் இருப்பது வார்மர். மேலிருந்து வெப்பம் விழும், நாலு பக்கமும் திறந்திருக்கும், ஊசி போடவும் குழாய் வைக்கவும் கை எட்டும். பிறந்தவுடன் மூச்சு வராத குழந்தைக்கு முதலுதவி செய்ய இதைவிட வசதியான இடம் கிடையாது. ஆனால் நாள்கணக்கில் அதன் கீழேயே கிடந்தால் தோல் வழியாக நீர் வற்றும். கூட்டம் அதிகமானால் ஒரே வார்மரில் இரண்டு குழந்தைகளைப் படுக்க வைப்பார்கள். ஒன்றின் கிருமி மற்றொன்றுக்குப் போக அது போதும்.

மூன்றாவதாக, மெழுகுப் பை வைத்த தூக்கப்பை ஒன்று உண்டு. 2007இல் ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் ஒரு வகுப்புக்காகத் தொடங்கிய வேலை இது. பையிலுள்ள மெழுகைச் சூடாக்கி வைத்தால் சில மணி நேரம் 37 டிகிரியிலேயே நிற்கும். ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து ஆம்புலன்சில் கொண்டுபோகும்போது, அம்மா கூட வர முடியாத நிலையில், இது நல்ல துணை. அதற்கு மேல் இதனிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை. வெந்நீர் பாட்டில் வைப்பதை மட்டும் யாரும் செய்யக் கூடாது. அந்தத் தோல் வெந்துவிடும்.

இனி அம்மாவின் நெஞ்சு. 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரத்துத் தாய் சேய் மருத்துவமனையில் ஒரு இன்குபேட்டரைப் பல குழந்தைகள் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். தொற்று பரவியது. பிரித்து வைக்கப்பட்ட பிள்ளையைத் தாய்மார்கள் விட்டுப்போவதும் நடந்தது. எட்கர் ரே சனாப்ரியா என்ற மருத்துவர் குழந்தையைத் தாயின் மார்பில் தோலோடு தோலாக வைக்கச் சொன்னார். அடுத்த ஆண்டு எக்டர் மார்த்தினெஸ் அவரோடு சேர்ந்தார். கங்காரு பராமரிப்பு இப்படித் தட்டுப்பாட்டில் பிறந்ததால்தான் "ஏழைகளின் வைத்தியம்" என்ற முத்திரை இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது.

செய்முறையைக் கிட்டத்தில் பார்த்தால் அதிலுள்ள நுணுக்கம் தெரியும். குழந்தைக்குத் தொப்பி, சாக்ஸ், நாப்கின் மட்டும். அம்மாவின் இரு மார்புகளுக்கு நடுவே நிமிர்த்தி வைக்க வேண்டும். கைகால்கள் தவளைபோல் மடங்கி விரிந்திருக்கும். தலையை ஒரு பக்கம் திருப்பி, முகவாய் லேசாக மேலே பார்க்கும்படி வைக்க வேண்டும். கழுத்து முன்னால் மடங்கினால் மூச்சு அடைபடும். துணியின் மேல் விளிம்பு குழந்தையின் காதுக்குக் கீழே வரும்படி கட்ட வேண்டும். அம்மா மல்லாந்து படுக்காமல் சாய்ந்து உட்காருவார். உறிஞ்சத் தெம்பில்லாத குழந்தைக்குப் பாலைப் பீச்சி எடுத்துப் பாலாடையிலோ குழாயிலோ கொடுப்பார்கள். அம்மாவுக்கு முடியாத நேரத்தில் அப்பா சட்டையைக் கழற்றிவிட்டு வாங்கிக்கொள்ளலாம். பாட்டியும் அத்தையும் கூடத்தான்.

உடல்நிலை சீரான குழந்தைகளிடம் நடந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, வழக்கமான பராமரிப்பைவிட இதில் இறப்பு ஏறக்குறைய 40 சதவீதம் குறைவு. பொகோட்டாவில் 1990களில் ஆய்வுக்கு எடுத்த குழந்தைகளை நத்தலி ஷார்ப்பாக் குழுவினர் 20 வருஷம் கழித்துத் தேடிப்போய்ப் பார்த்தார்கள். கங்காரு முறையில் வளர்ந்தவர்களிடம் பள்ளிக்கு மட்டம் போடுவதும் மூர்க்க குணமும் குறைவாக இருந்தன.

உண்மையான போட்டி அதற்குப் பிறகுதான் வருகிறது. முதலில் வார்மரில் வைத்துத் தேற்றி, பிறகு அம்மாவிடம் கொடுப்பதா? பிறந்த கையோடு கொடுப்பதா? கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் ஐந்து மருத்துவமனைகள் இதைச் சோதித்தன. இந்தியாவில் டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனை. 1 கிலோ முதல் 1.799 கிலோ வரையிலான 3211 குழந்தைகள். ஒரு பிரிவில் சராசரியாகப் பிறந்த 1.3 மணி நேரத்தில் அம்மா நெஞ்சுக்குப் போனார்கள். மற்றதில் 53.6 மணி நேரம் ஆயிற்று. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தவரை ஒரு நாளில் தோலோடு இருந்த நேரம் முதல் பிரிவில் 16.9 மணி, மற்றதில் 1.5 மணி. முதல் 28 நாளில் இறந்தவர்கள் முதல் பிரிவில் 12.0 சதவீதம், மற்றதில் 15.7. அதாவது 27 குழந்தைகளுக்கு உடனே தொடங்கினால் ஓர் உயிர் கூடுதலாகத் தங்கும். வித்தியாசம் தெளிவாகிவிட்டதால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள். 2021இல் முடிவு வெளியானது. 2022இல் உலக சுகாதார நிறுவனம், எடை குறைந்த, குறைமாதக் குழந்தைகள் எல்லோருக்கும் தினம் 8 முதல் 24 மணி நேரம் இதைப் பரிந்துரைத்தது.

ஒரு விஷயத்தை இங்கே மறைக்கக் கூடாது. 2024இல் வெளியான உகாண்டா ஆய்வில், நிலை சீராகுமுன்பே தொடங்கியும் முதல் 7 நாள் இறப்பில் வித்தியாசம் தெரியவில்லை. அங்கே குழந்தைகள் தோலோடு இருந்த நேரம் 17 மணிக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. என் கணிப்பு, பலன் கிடைப்பது நேரத்தால்தான். நேரம் கூட வேண்டுமானால் அம்மா எந்நேரமும் அங்கேயே இருக்க இடம் வேண்டும். ஐந்து நாட்டு ஆய்வு அதைத்தான் செய்தது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே தாய்மார்களுக்குக் கட்டில் போட்டார்கள். சிபாப் (மூக்கு வழியாக அழுத்தத்தோடு காற்று தரும் கருவி), டிரிப்ஸ், ஆக்சிஜன் அளவி எல்லாம் குழந்தை அம்மா மேல் இருக்கும்போதே ஓடின. தானாக மூச்சு விட முடியாத, வென்டிலேட்டர் தேவைப்படும், ரத்த ஓட்டம் குலைந்து ஷாக்கில் இருக்கும் குழந்தைக்கு மட்டும் கருவிதான் முதலில்.

வீட்டுக் கதையையும் சொல்ல வேண்டும். ஹரியானாவில் 1.5 முதல் 2.25 கிலோ வரையிலான 8402 குழந்தைகளிடம் நடந்த ஆய்வில், வீட்டுக்கே போய்க் கங்காரு முறையைச் சொல்லிக் கொடுத்தார்கள். முதல் மாத இறப்பு 30 சதவீதமும், ஆறு மாதம் வரையிலான இறப்பு 25 சதவீதமும் குறைந்தன. சமையலையும் மாட்டையும் யாராவது பார்த்துக்கொண்டால்தான் ஒரு தாய் நாளெல்லாம் பிள்ளையை நெஞ்சில் வைத்திருக்க முடியும். வீட்டுக்குப் போய்ச் சொல்லித்தருகிறவர் மாமியாரிடமும் கணவரிடமும் உட்கார்ந்து பேசுவது அதனால் பாதி வேலை.

ஒரு மாவட்ட மருத்துவமனைக்குக் கொஞ்சம் பணம் வருகிறது, எதை வாங்கலாம் என்று என்னைக் கேட்டால், பச்சிளம் குழந்தைப் பிரிவுக்குள் தாய்மாருக்குச் சாயும் கட்டில்களும் கழிப்பறையும் மூன்று வேளைச் சாப்பாடும் முதலில். அடுத்து சிபாப், ஆக்சிஜன் அளவி. இன்னொரு வார்மர் அதற்கும் பின்னால். காசைவிடச் சிக்கலானது ஒன்று இருக்கிறது. சிசேரியன் ஆன தாயின் தையலையும் ரத்த அழுத்தத்தையும் மகப்பேறு வார்டு நர்ஸ்தான் பார்க்கிறார், குழந்தையைப் பார்ப்பவர் வேறொரு துறை. இரண்டு துறையும் ஒரே கட்டிலுக்கு வந்து பார்க்க ஒத்துக்கொள்ள வேண்டும். அந்த உத்தரவைக் கண்காணிப்பாளர் எழுத்தில் போடாத வரை, வாங்கிய கட்டில்கள் காலியாகவே கிடக்கும்.