பாலத்தில் நிற்கிற ரயிலைக் காட்டி விற்கிறார்கள்: ஆப்பிரிக்க சொகுசு ரயில் பேக்கேஜ் எடுப்பவர்கள் கவனத்துக்கு

ஒன்பது நாள் ‘ராயல் சஃபாரி டிரெயின்’. ஜோஹனஸ்பர்க்கில் இறங்கி, விக்டோரியா அருவி பார்த்துவிட்டுத் திரும்புவது. வாட்ஸ்அப்பில் வந்த நான்கு பக்கப் பிடிஎஃப்பை நம்பி, ஓய்வுபெற்ற தம்பதி ஒருவர் ஏஜென்ட்டிடம் பணம் கட்டி, போன நவம்பரில் போய்வந்தார்கள். ஏஜென்ட் பெயர் இங்கே வேண்டாம். இதே பிடிஎஃப் வேறு லோகோவோடு வேறு ஊர்களிலும் சுற்றுகிறது, ஆகவே பெயரைவிட உள்ளே இருக்கும் வேலையைத் தெரிந்துகொள்வதுதான் உபயோகம்.

அதில் பெரிதாக மூன்று படங்கள். மூன்றும் நிஜமான இடங்கள், போட்டோஷாப் இல்லை. ஆனால் மூன்றில் ஒன்றுகூட இவர்கள் வாங்கிய டிக்கெட்டில் கிடையாது.

முதல் படம்: ஆற்றுக்கு மேலே உயரமான இரும்புப் பாலம், பாலத்தின் நீளத்துக்கு ரயில் பெட்டிகள், பக்கவாட்டில் தொங்கும் நீச்சல் குளம், கீழே யானை. பார்த்தவுடன் கையெழுத்துப் போடத் தோன்றும். இது தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவில் ஸ்குகூசா முகாமை ஒட்டி, சாபி ஆற்றின் மேல் இருக்கும் பழைய செலாட்டி பாலம். 1920களில் சுற்றுலா ரயில்கள் இங்கே இரவு நின்று போயின. அந்த நினைவில் பழைய பெட்டிகளைப் புதுப்பித்து 2020 கடைசியில் ‘க்ரூகர் ஷலாட்டி’ என்று ஹோட்டலாகத் திறந்தார்கள். நல்ல ஹோட்டல்தான், அதன் மேல் புகார் எதுவும் இல்லை. ஆனால் அந்த ரயில் ஓடாது. ஒரு அங்குலம் நகராது. அதில் தங்க வேண்டுமென்றால் ஹோட்டல் அறை போடுவதுபோலத் தனியாகப் போட வேண்டும்.

தம்பதிக்குக் கிடைத்தது பூங்காவின் வேலிக்கு வெளியே ஒரு சாதா லாட்ஜில் இரண்டு இரவு. படத்தைப் பற்றிக் கேட்டதற்கு ஏஜென்ட் அனுப்பிய பதில்: “சார், எல்லாம் ஒரே டிரெயின்தான், கலர்தான் வேற.” இந்த ஒரு வரி பின்னால் புகார் எழுதும்போது மிகவும் உதவியது.

ஓடுகிற ரயில்கள் வேறு. பரவலாகத் தெரிந்தவை இரண்டு. ஒன்று ரோவோஸ் ரயில், 1989இல் ரோஹன் வோஸ் தொடங்கிய தனியார் நிறுவனம். பிரிட்டோரியாவின் கேபிடல் பார்க்கில் அவர்களுக்குச் சொந்த நிலையமே உண்டு. இன்னொன்று புளூ டிரெயின், அரசு நிறுவனமான டிரான்ஸ்நெட்டின் கையில் இருப்பது. இரண்டுக்குமே பிரதான வழி பிரிட்டோரியா - கேப் டவுன், சுமார் 1,600 கிலோமீட்டர். ரோவோஸ் இதைத் தவிர விக்டோரியா அருவி, டர்பன், நமீபியா, தான்சானியாவின் தார் எஸ் சலாம் வரையும் போகிறது. ‘ராயல் சஃபாரி டிரெயின்’ மாதிரிப் பெயர்கள் ஏஜென்ட் வைத்துக்கொள்வது. ஆகவே முதல் கேள்வி: ரயிலை நடத்துவது யார், எந்த ஊரில் ஏறி எந்த ஊரில் இறங்குகிறோம், ரயிலுக்குள் எத்தனை இரவு. இந்தப் பேக்கேஜில் ஒன்பது நாளில் ரயிலில் கழிந்த இரவுகளை ஒரு கையின் பாதி விரல்களில் எண்ணிவிடலாம். மற்றதெல்லாம் வேன், லாட்ஜ், உள்நாட்டு விமானம்.

அடுத்து, ‘ஜன்னலோரம் உட்கார்ந்தபடியே யானை, சிங்கம்’ என்ற வரி. இவர்கள் போன கேப் டவுன் வழியில் அது நடக்காது. பாதிக்கு மேல் காரூ என்னும் வறண்ட சமவெளி. செம்மறி ஆடு, நெருப்புக்கோழி, ஸ்பிரிங்பாக் மான் கண்ணில் படும். கிம்பர்லிக்குப் பக்கத்தில் காம்ஃபர்ஸ் டேம் ஏரியில் ஃபிளமிங்கோக் கூட்டம் தண்டவாளத்தருகிலேயே நிற்கும். அதுவே போதும் என்பவர்களுக்கு அருமையான வழி. யானையை ரயிலிலிருந்தே பார்க்க வாய்ப்புள்ள இடம் வேண்டுமானால் ஜிம்பாப்வேயின் ஹ்வாங்கே தேசியப் பூங்காவின் எல்லையை ஒட்டிப் போகும் பாதை. அங்கே தண்டவாளம் 114 கிலோமீட்டர் வளைவே இல்லாமல் நேர்கோட்டில் ஓடுகிறது. அதற்கு விக்டோரியா அருவி ரயிலில் ஏற வேண்டும், கேப் டவுன் ரயிலில் அல்ல. பிடிஎஃப்பில் ஒரு ரயிலின் வழித்தடம், இன்னொரு ரயிலின் மிருகம்.

இரண்டாவது படம், கால் வைத்த பழைய பாணிக் குளியல் தொட்டி, பக்கத்தில் ஜன்னல், வெளியே புல்வெளி ஓடுகிறது. இது ரோவோஸில் ராயல் சூட்டில் மட்டும் இருக்கிறது. அங்கே மூன்று வகை அறைகள்: புல்மேன் 7 சதுர மீட்டர், டீலக்ஸ் 10, ராயல் 16. நம் கணக்கில் முறையே சுமார் 75, 108, 172 சதுர அடி. ராயல் ஒன்று அரைப் பெட்டியை அடைத்துக்கொள்ளும். புல்மேனில் பகலில் சோபா, இரவில் அதையே படுக்கையாக மாற்றித் தருவார்கள். ஷவர், கழிப்பறை உள்ளேயே உண்டு, தொட்டி கிடையாது. மோசமான அறை இல்லை, சொல்லிவிட்டு விற்றால் யாரும் குறை சொல்லப்போவதில்லை. பேக்கேஜின் பெயரிலேயே ‘ராயல்’ என்று இருந்ததால் ராயல் அறை என்று இவர்கள் நினைத்தார்கள். நினைக்கட்டும் என்றுதான் அந்தப் பெயரே. வவுச்சரில் அறை வகை ஒரு சொல்லாக எழுதியிருக்கிறதா, பணம் கட்டும் முன் பாருங்கள். ‘லக்ஸுரி கேபின்’ என்று இருந்தால் அது ஒன்றையும் சொல்லவில்லை.

இடத்தைப் பற்றி இன்னொன்று. அங்கே தண்டவாள அகலம் 1,067 மில்லிமீட்டர், கேப் கேஜ் என்பார்கள். நம்மூர் பழைய மீட்டர் கேஜைவிட 67 மில்லிமீட்டர்தான் கூட. நம் பிராட் கேஜ் 1,676. ஏசி முதல் வகுப்புப் பெட்டியை மனதில் வைத்துப் போகிறவர்களுக்கு உள் அகலம் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும், ஆட்டமும் தெரியும். பெரிய சூட்கேஸ் அறைக்குள் வைத்தால் நடக்க வழியிருக்காது. ரயிலுக்கு மட்டும் துணிகளைச் சின்ன, மெத்தென்ற பையில் தனியாக எடுத்துக்கொள்ள வேண்டும். நீராவி எஞ்சின் படத்தையும் நம்ப வேண்டாம், இழுப்பது டீசல் அல்லது மின் எஞ்சின்.

மூன்றாவது படம்தான் அசல் அயோக்கியத்தனம். கரை புரண்டு விழும் விக்டோரியா அருவி. பயணமோ நவம்பரில். ஜாம்பேசி ஆற்றில் தண்ணீர் உச்சத்தில் இருப்பது ஏப்ரலை ஒட்டி. அக்டோபர், நவம்பரில் ஜாம்பியா பக்கம் பெரும்பகுதி வெறும் கரும்பாறை, ஜிம்பாப்வே பக்கம்தான் ஓரளவு விழும். 1,700 மீட்டருக்கு மேல் அகலமான அருவியில் கொஞ்சம் இடத்தில்தான் தண்ணீர் என்றால் பார்க்கிறவருக்கு எப்படி இருக்கும். இந்தத் தம்பதியை அழைத்துப்போனது ஜாம்பியா பக்கம். இதில் ஒரு நெளிவு உண்டு: மிருகம் பார்க்க நல்லது ஜூன் முதல் அக்டோபர் வரையான வறட்சிக் காலம், புல் காய்ந்து, எல்லாம் நீர்நிலைக்கு வந்து நிற்கும். அருவி பார்க்க நல்லது ஏப்ரல், மே. இரண்டும் உச்சத்தில் ஒரே பயணத்தில் வராது. ஜூன், ஜூலை ஓரளவு சமரசம். ஆனால் காலை ஆறு மணிக்குத் திறந்த ஜீப்பில் பல் கிடுகிடுக்கும், கம்பளிக் குல்லாயும் கையுறையும் வேண்டும். ‘வருடம் முழுவதும் சிறந்த சீசன்’ என்று எழுதியிருந்தால் அந்தத் தாளைக் கீழே வைத்துவிடலாம்.

இனி பணம். ரோவோஸில் சாப்பாடு, மது உட்பட பானங்கள், வழியில் இறங்கிப் பார்க்கும் இடங்கள் எல்லாம் டிக்கெட்டுக்குள் அடக்கம், பிரெஞ்சு ஷாம்பெயின் போல ஒன்றிரண்டைத் தவிர. கிம்பர்லியில் 1871இலிருந்து 1914 வரை கையால் தோண்டிய வைரச் சுரங்கப் பள்ளம், காரூவில் மாட்ஜிஸ்ஃபோன்டெய்ன் என்ற குட்டி விக்டோரியா கால ஊர், இவையெல்லாம் ரயிலோடு வருபவை. ஏஜென்ட் இவற்றுக்கு ‘எக்ஸ்கர்ஷன் பேக்’ என்று தனியே வாங்கியிருந்தார், ‘பிவரேஜ் பேக்’ வேறு. ரயிலில் யாரும் கூப்பன் கேட்கவில்லை என்றபோதுதான் விஷயம் தெரிந்தது. ரயில் நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் விலையும் அடக்கப் பட்டியலும் வெளிப்படையாக இருக்கும். அதை வரிக்கு வரி வைத்துப் பாருங்கள். விலை தலைக்கு, இருவர் பகிர்ந்தால் என்ற கணக்கில் போட்டிருப்பார்கள், தம்பதிக்கு என்று படித்துவிட வேண்டாம். ரயில்காரர் தென்னாப்பிரிக்க நாணயமான ராண்டில் விலை சொல்ல, ஏஜென்ட் டாலரில் சொன்னால் எந்தத் தேதி மாற்று விகிதம் என்று எழுத்தில் கேளுங்கள். இரண்டு முறை மாற்றும்போது இரண்டு முறை கை நுழையும்.

முன்பணம் கட்டியதும் ரயில் நிறுவனத்தின் புக்கிங் எண்ணைக் கேட்டு வாங்கி, அந்த நிறுவனத்துக்கே நேரடியாக மெயில் போடுங்கள்: இந்தப் பெயரில், இந்தத் தேதியில், இந்த அறை வகையில் இடம் இருக்கிறதா, பணம் வந்ததா. மெயில் முகவரியை ஏஜென்ட் தந்த தாளிலிருந்து எடுக்காமல் தளத்திலிருந்து எடுக்க வேண்டும். எண்ணைத் தர மறுத்தால், அல்லது ‘பயணத்துக்கு 15 நாள் முன்னால்தான் வரும் சார்’ என்றால், மீதிப் பணத்தைக் கட்டாதீர்கள். தனிநபர் சேமிப்புக் கணக்குக்கோ யூபிஐக்கோ அனுப்பச் சொன்னாலும் அதே பதில். கிரெடிட் கார்டில் கட்டினால் பிறகு வங்கியிடம் சார்ஜ்பேக், அதாவது கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்க வழி இருக்கிறது. வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்கு டிசிஎஸ் என்று முன்கூட்டியே வரி பிடிப்பார்கள், அது உங்கள் வருமான வரிக் கணக்கில் சேர வேண்டிய பணம். சில மாதம் கழித்து வருமான வரித் தளத்தில் உங்கள் பெயரில் வந்திருக்கிறதா பாருங்கள். இவர்களிடம் ஏஜென்ட் பிடித்தது மட்டும் உண்டு, கணக்கில் வந்தது இல்லை.

இதெல்லாம் காசு நஷ்டம். நடுத்தெருவில் நிறுத்தியது விசா. ஏஜென்ட் தென்னாப்பிரிக்காவுக்கு ஒருமுறை நுழையும் விசா எடுத்துக் கொடுத்திருந்தார். ஜோஹனஸ்பர்க்கில் இறங்கியதும் அது செலவாகிவிட்டது. கேப் டவுனிலிருந்து விக்டோரியா அருவிக்கு விமானத்தில் போனால் நாட்டை விட்டு வெளியேறியாயிற்று. திரும்பும் வழியோ மறுபடி ஜோஹனஸ்பர்க். ஒரே டிக்கெட்டாக, பெட்டி நேராக ஊருக்கு வரும்படி இருந்தால் விமான நிலையத்துக்குள்ளேயே மாறிக்கொள்ளலாம். ஏஜென்ட் மலிவுக்காக இரண்டு தனி டிக்கெட் போட்டிருந்தார். பெட்டியை எடுத்து மறுபடி செக்-இன் செய்ய குடியேற்றத்தைத் தாண்ட வேண்டும், அதற்கு விசா இல்லை. விக்டோரியா அருவி விமான நிலையக் கவுன்ட்டரிலேயே ஏற்ற மறுத்துவிட்டார்கள். அடிஸ் அபாபா வழியாகக் கைக்காசு போட்டுப் புது டிக்கெட் வாங்கித்தான் ஊர் வந்து சேர்ந்தார்கள்.

ஆகவே வழியில் தென்னாப்பிரிக்காவை விட்டு வெளியே போய்த் திரும்புவதாக இருந்தால் பலமுறை நுழையும் விசாவாகக் கேட்டு வாங்குங்கள், விசா கைக்கு வந்ததும் அந்த வரியை நீங்களே படியுங்கள். அருவிக்கு இருபுறமும் இரு நாடு. ஜாம்பியா, ஜிம்பாப்வே இரண்டுக்கும் சேர்த்து ‘காசா யூனிவிசா’ என்று ஒன்று இருக்கிறது, கசுங்குலா எல்லை வழியாக போட்ஸ்வானாவின் சோபே பூங்காவுக்குப் பகலில் போய்வரவும் அது இடம் தரும். உங்கள் பாஸ்போர்ட்டுக்கு அது உண்டா, போட்ஸ்வானாவுக்குத் தனி விசா வேண்டுமா என்பதைத் தூதரகத்திடம் கேளுங்கள், ஏஜென்ட்டிடம் அல்ல. ஒவ்வொரு எல்லையிலும் முத்திரை விழும், நான்கைந்து வெற்றுப் பக்கமாவது வேண்டும்.

மஞ்சள் காய்ச்சல் ஊசியையும் பிடிஎஃப்பில் காணோம். தென்னாப்பிரிக்காவில் அந்த நோய் இல்லை, ஆனால் எத்தியோப்பியா, கென்யா போன்ற நாடுகளின் விமான நிலையத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்து வந்தால் சான்றிதழ் கேட்பார்கள். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் அது செல்லும். க்ரூகரும் அருவியும் மலேரியா பகுதிகள், மாத்திரையைப் போகும் முன்பே தொடங்கி, திரும்பிய பிறகும் தொடர வேண்டும். டாக்டரைப் பார்க்க இரண்டு மாதம் முன்பே கிளம்பினால் நிதானமாக இருக்கும்.

ரயில் தாமதமாகும், அதற்கு ஏஜென்ட்டைத் திட்டிப் பயனில்லை. செம்புக் கம்பித் திருட்டு அங்கே தீராத தலைவலி, மணிக்கணக்கில் நிற்பது சகஜம். ரயில் போய்ச் சேரும் அன்றே விமானம் போட்டுத் தந்தால் அதுதான் ஏஜென்ட்டின் தப்பு. ஓர் இரவாவது நடுவில் விடுங்கள்.

சில்லறை விஷயங்கள்: இரவுச் சாப்பாட்டுக்கு ஆண்களுக்குக் கோட்டும் டையும் கட்டாயம், பெண்களுக்குப் பட்டுச்சேலை தாராளம். சைவம் என்றால் முட்டை சேருமா, வெங்காயம் பூண்டு சேருமா என்பதுவரை முன்பே எழுத்தில் அனுப்புங்கள். இல்லாவிட்டால் மெனுவில் மான் கறிக்கு மாற்று என்று மீனைக் கொண்டுவந்து வைப்பார்கள். அடாப்டர் என்று விமான நிலையத்தில் காசைக் கரைக்க வேண்டாம். நம் வீட்டில் ஏசி, கீசருக்கு மாட்டுகிற பெரிய 16 ஆம்பியர் பிளக் மாதிரிதான் தென்னாப்பிரிக்க சாக்கெட். ஜிம்பாப்வேயில் சதுர முனை மூன்று பின்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு: பணம் கைமாறிச் சில மணி நேரத்துக்குள் மோசடி என்று தெரிந்தால் சைபர் குற்றப் புகார் எண்ணான 1930க்கு அழையுங்கள். சேவைக் குறைபாடு என்றால் நுகர்வோர் உதவி எண் 1915, அதன்பின் மாவட்ட நுகர்வோர் ஆணையம், இரண்டு வருடத்துக்குள். அங்கே பேசப்போவது அந்தப் பிடிஎஃப்தான். ஏஜென்ட்டுடனான வாட்ஸ்அப் உரையாடலில், செய்திகள் தாமாகவே அழிந்துபோகும் ‘டிஸப்பியரிங் மெசேஜ்’ ஆன் ஆகியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இவர்களுடையதில் ஆன் ஆகியிருந்தது. ‘கலர்தான் வேற’ என்ற வரியை மகள் முன்பே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்ததால்தான் தப்பித்தது.