நோட்ஸிலிருந்து பிடிஎஃப்: ஆர்க் கிளாஸா, பாண்டாக் டெம்ப்ளேட்டா?

பீளமேட்டுப் பக்கம் ஒரு பம்புசெட் பட்டறைக்குக் கையேடு எழுதிக் கொடுக்கிறேன். என் குறிப்பெல்லாம் வெறும் டெக்ஸ்ட் கோப்பு. அதை லேடெக் என்ற அச்சுக்கோர்ப்பு மென்பொருள் வழியாகப் பட்டறையின் சொந்த வடிவத்தில் பிடிஎஃப் ஆக்க வேண்டும். கோப்பு வடிவம் மாற்றும் கருவியான பாண்டாக்கில் சொந்த டெம்ப்ளேட் (வெளியீட்டின் வடிவ வார்ப்பு), ஈமேக்ஸ் எடிட்டரின் குறிப்பெழுதும் வசதியான ஆர்க்-மோடில் சொந்த டாக்குமென்ட் கிளாஸ் (ஆவணத்தின் அமைப்பைச் சொல்லும் லேடெக் வரையறை) என்று இரண்டையும் ஓட்டிப் பார்த்தாயிற்று. இப்போது ஆர்க் பக்கம்தான் இருக்கிறேன்.

இரண்டும் இலவசம். இரண்டிலும் தமிழ் ஒழுங்காக வர, லேடெக்கை வழக்கமாக ஓட்டும் பிடிஎஃப்லேடெக்கை விட்டு, யூனிகோட் எழுத்துருக்களைக் கையாளும் ஸீலேடெக் போன்ற ஒன்றுக்கு மாறி, நோட்டோ செரிஃப் தமிழ் மாதிரி ஓர் எழுத்துருவைச் சொல்ல வேண்டும். தொடங்குவதற்குப் பாண்டாக்தான் சுலபம். ஒரே கட்டளை வரி, வேண்டுமென்றால் அதே நோட்ஸிலிருந்து வேர்ட் கோப்பும் கிடைக்கும்.

ஆர்க்கில் ஆர்ட்டிகிள், ரிப்போர்ட், புக் ஆகிய கிளாஸ்கள் கூடவே வருகின்றன. ரிப்போர்ட்டை எடுத்தேன். ஆர்க்கில் தலைப்பின் படியை அதன் முன்னால் போடும் நட்சத்திரங்களின் எண்ணிக்கைதான் சொல்லும். ஒற்றை நட்சத்திரம் போட்ட ‘மோட்டார் பொருத்துதல்’, பாகம் ஒன்று என்று ஒரு முழுப் பக்கத்தையே பிடித்துக்கொண்டது. ஆர்க்கின் பட்டியலில் ரிப்போர்ட்டுக்கு முதல் படி பார்ட் (பாகம்), அடுத்ததுதான் சேப்டர் (அத்தியாயம்). அதனால் ஆர்க்-லேடெக்-கிளாசஸ் பட்டியலில் சொந்தப் பதிவு ஒன்று சேர்த்தேன். ஒரு பெயர், டாக்குமென்ட்கிளாஸ் வரியோடு தொடங்கும் தலைப்பகுதி (உள்ளடக்கத்துக்கு முன்னால் வரும் அமைப்பு வரிகள்), அப்புறம் தலைப்புப் படிகள். ஒவ்வொரு படிக்கும் எண் போட்டது ஒன்று, லேடெக் கட்டளையின் பின்னால் நட்சத்திரம் போட்ட எண் இல்லாத வடிவம் ஒன்று என்று ஜோடி தர வேண்டும். என் படிகள் சேப்டரில் தொடங்கும். ‘சேப்டர்’ என்று அச்சாகும் சொல்லையும் தலைப்பகுதியிலேயே ‘அத்தியாயம்’ என்று மாற்றிவிட்டேன்.

ஒரு பொறி உண்டு. இந்தப் பதிவை எழுதும் ஈமேக்ஸின் மொழி லிஸ்ப். அதில் மேற்கோள் குறிக்குள் வரும் சரத்தில் பின்சாய்வை இரண்டாகப் போட வேண்டும். ஒன்று போட்டால் செக்‌ஷனின் முதல் எழுத்தை ஈமேக்ஸ் வெற்றிடமாக எடுத்துக்கொள்ளும். என் முதல் அச்சில் தலைப்புக்கு முன்னால் ‘எக்‌ஷன்’ என்று ஒட்டிக்கொண்டு வந்தது.

நான் முடிவெடுத்தது பராமரிப்பை வைத்துத்தான். ஒரு வருடம் கழித்துப் பட்டறைக்காரர் போன் செய்தார்: “ஏனுங்க தம்பி, போன வருசம் போட்ட மாதிரியே இருக்கோணும், வாரண்டிப் பக்கம் மட்டும் மாத்திக் குடுங்க.” இடையில் கணினி மாறி, பாண்டாக்கும் புதுசாகியிருந்தது. முதல் படம் வந்த இடத்திலேயே லேடெக் நின்றுவிட்டது, ‘பாண்டாக்பவுண்டட்’ என்ற கட்டளை தெரியாதாம். படங்களைச் சுற்றி அந்தக் கட்டளையைப் போடுவது புதிய பாண்டாக்கின் வழக்கம். அதன் விளக்கம் பாண்டாக்கோடு வரும் புதிய மூல டெம்ப்ளேட்டில் இருக்கிறது, நான் என்றைக்கோ நகலெடுத்துத் திருத்திய டெம்ப்ளேட்டில் இல்லை. முழு டெம்ப்ளேட்டை நகலெடுத்தால் அந்த நாளோடு அது உறைந்துவிடும். ஒவ்வொரு மேம்பாட்டுக்கும் மூலத்தோடு ஒப்பிட்டு ஒட்டுப்போட வேண்டியதுதான்.

ஆர்க் கிளாஸில் நான் எழுதுவது தலைப்பகுதியும் படிகளும் மட்டுமே. தனக்குத் தேவையான லேடெக் துணைப் பேக்கேஜ்களை, வேண்டாம் என்று நான் தடுக்காதவரை, ஏற்றுமதியின்போது ஆர்க்கே சேர்த்துக்கொள்கிறது. அதே பழைய பதிவு புதுக் கணினியிலும் ஒரு வரி மாறாமல் ஓடியது.

பாண்டாக்குக்கும் நியாயம் சொல்ல வேண்டும். டெம்ப்ளேட்டைத் தொடாமல், டாக்குமென்ட்கிளாஸ் என்ற மாறியின் (வேரியபிள்) மதிப்பையும் தலைப்பகுதிக்கு ஒரு சின்னக் கோப்பையும் மட்டும் கொடுத்தால் இந்த அடி விழாது. முகப்புப் பக்கத்தையே மாற்ற வேண்டியிருந்ததால் நான் முழுசாக நகலெடுத்துத் தொலைத்தேன். இரண்டு மூன்று பேர் சேர்ந்து எழுதும் கோப்பென்றால் பாண்டாக் பொருந்தலாம். நான் தனியாள், அப்படி ஓட்டியதில்லை. ஆர்க் பதிவு என் ஈமேக்ஸ் அமைப்புக் கோப்பில்தான் இருக்கிறது, அடுத்தவர் கணினியில் கோப்பைத் திறந்து ஏற்றுமதி செய்தால் ‘இந்தக் கிளாஸ் தெரியாது’ என்று நின்றுவிடும்.

அந்தச் சிக்கலைக் குறைக்கத்தான் இப்போது முகப்பு, ஓரம், எழுத்துரு எல்லாவற்றையும் ஒரு தனி சிஎல்எஸ் கோப்புக்கு (லேடெக் கிளாஸை எழுதி வைக்கும் கோப்பு) மாற்றிக்கொண்டிருக்கிறேன். அந்தக் கோப்பை நோட்ஸோடு சேர்த்தே அனுப்பிவிடலாம். அப்புறம் ஆர்க் பதிவில் பெயரும் டாக்குமென்ட்கிளாஸ் வரியும் தலைப்புப் படிகளும்தான் மிஞ்சும்.