ஹாலிஃபாக்ஸ் – டார்ட்மத் படகு: மேல்தளத்தில் இடது பக்கம் உட்காருங்கள்

கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தைக் கடந்து எதிர்க்கரை டார்ட்மத்துக்குப் போகும் படகு. உப்புநீரில் ஓடும் படகுச் சேவைகளில் வட அமெரிக்காவிலேயே பழையது இது என்கிறார்கள். 1752 முதல் ஓடுகிறது. ஹாலிஃபாக்ஸ் நகரத்தை ஆங்கிலேயர் நிறுவி மூன்றே வருடம் கழித்து. பேருந்துக்கு எடுத்த சீட்டே இதற்கும் செல்லும் என்பது என்னைப் போன்ற கஞ்சனுக்கு ரொம்ப வசதி.

பயணம் பன்னிரண்டு நிமிடம்தான். ஹாலிஃபாக்ஸிலிருந்து போகும்போது வலது பக்கம் ஜார்ஜஸ் தீவு, அதைத் தாண்டி அட்லாண்டிக். எல்லோரும் அந்தப் பக்கம்தான் படம் பிடிக்கிறார்கள். நீங்கள் இடது பக்கம் பாருங்கள். பாலங்கள் இருக்கும் இடத்தில் துறைமுகம் இறுகி ஒரு குறுகலான கழுத்தாகிறது. அதற்கு அப்பால் பெட்ஃபோர்ட் பேசின் என்ற அகன்ற நீர்ப்பரப்பு. போர்க்காலத்தில் கப்பல் கூட்டங்கள் அங்கேதான் ஒன்றுசேர்ந்து புறப்பட்டன. 1917 டிசம்பர் 6 காலை, அந்தக் கழுத்தில்தான் உள்ளே வந்த வெடிமருந்துக் கப்பல் மோன்ட் பிளாங்கும் வெளியே போன இமோவும் மோதிக்கொண்டன. மோன்ட் பிளாங் தீப்பிடித்து வெடித்தது. செத்தவர்கள் கிட்டத்தட்ட 2000 பேர். எரியும் கப்பலை ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்த பலருக்குக் கண்ணாடிச் சில்லால் கண் போனது. படகிலிருந்து அந்த இடத்தைப் பார்த்தபோது, இவ்வளவு குறுகலா என்றுதான் தோன்றியது.

குறை? மேல்தளத்தில் காற்று காதைப் பிய்க்கிறது, ஜூன் மாதத்திலும் ஸ்வெட்டர் வேண்டும். கரையேறி ஒரு கடையில் குடித்த மீன் சூப்பில் உப்பைத் தவிர எதுவும் இல்லை. அந்தப் பாவத்தைப் படகின் கணக்கில் எழுதவில்லை.

அப்புறம், ஹாலிஃபாக்ஸின் கோட்டைக் குன்றில் பகல் 12 மணிக்கு பீரங்கி வெடிக்கும். நான் நிஜமாகவே துள்ளிவிட்டேன்.