நெல் கொள்வனவு நிரலில் அசெர்ட்: பல போகங்கள் பாவித்த அனுபவம்

கிளிநொச்சிப் பக்கத்து அரிசி ஆலைக்கான நெல் கொள்வனவுக் கணினி நிரலில், பைதன் நிரல்மொழியின் அசெர்ட்டைக் (ஒரு நிபந்தனை பொய்யானால் பிழை காட்டி நிரலை நிறுத்தும் கட்டளை) காலபோகம், சிறுபோகம் என்று பல அறுவடைகளாகப் பாவித்து வருகிறோம். கணக்குப் பிழை பிடிக்க அருமையான கருவி. ஆனால் இடமறிந்து வைக்க வேண்டும்.

ஈரநெல்லின் எடையை 14 சதவீத ஈரப்பதனுக்குச் சரிக்கட்டும் இடத்தைப் பாருங்கள். நூறிலிருந்து ஈரப்பதனைக் கழித்து, அதனால் எடையைப் பெருக்கி, 86 ஆல் வகுக்கிறோம். 18 சதவீதத்தில் வந்த 1000 கிலோ 953.49 கிலோவாகும். சரிதான். நன்றாகக் காய்ந்து 12 சதவீதத்தில் வந்தால்? அதே சூத்திரம் 1023.26 கிலோ என்கிறது. தராசில் ஏறாத 23 கிலோவுக்கும் ஆலை காசு கொடுக்கும். பற்றுச்சீட்டும் ஒரு தடங்கலின்றி அச்சாகும். சூத்திரத்துக்கு அடுத்த வரியிலேயே ‘தேறிய எடை தராசு எடையைத் தாண்டாது’ என்று ஓர் அசெர்ட் போட்டால் நிரல் அங்கேயே நிற்கும். பிழைச் செய்தியில் இரண்டு எடைகளையும் ஈரப்பதனையும் கட்டாயம் சேருங்கள். இல்லாவிட்டால் எந்த லோட்டில் வந்த பிழை என்று தேடியே களைத்துப்போவீர்கள்.

எழுதுவினைஞர் 18 க்குப் பதிலாக 0.18 என்று அடிப்பது வேறு சங்கதி. அங்கே சாதாரண இஃப் (‘இப்படியானால்’ என்று சோதிக்கும் கட்டளை) போட்டு, தமிழில் சொல்லி, திரும்பக் கேட்க வேண்டும். பைதனை ‘மைனஸ் ஓ’ (-O) தெரிவோடு ஓட்டினால் அசெர்ட் அத்தனையும் நீங்கிவிடும்; அசெர்ட்டால் எழுதிய உள்ளீட்டுச் சோதனையும் அதோடு போய்விடும். அதே காரணத்தால் பதிவைச் சேமிப்பது போன்ற வேலை எதையும் அசெர்ட்டுக்குள் வைக்கக் கூடாது. ஜாவா நிரல்மொழியிலோ, ‘ஈ-ஏ’ (-ea) தெரிவு கொடுக்காவிட்டால் அசெர்ட் ஓடவே ஓடாது.

அசெர்ட்டின் நிபந்தனையையும் செய்தியையும் ஒரே அடைப்புக்குள் போட்டால் அது டியூப்பிள் (பல பெறுமானங்களின் தொகுப்பு) ஆகிவிடும்; வெறுமையில்லாத டியூப்பிளைப் பைதன் எப்போதும் உண்மையென்றே எடுக்கும். நிபந்தனை பொய்யானாலும் அந்த அசெர்ட் ஒருநாளும் நிரலை நிறுத்தாது. பைதன் எச்சரிக்கும்தான், ஆனால் தொகுக்கும் நேரத்தில் மட்டும்.

அதிகம் கவனிக்கப்படாத இன்னொன்று: ஈரமானி வாசிப்பு வெற்றாக இருந்து, பாண்டாஸ் (பைதனில் தரவு அட்டவணைகளைக் கையாளும் நூலகம்) வழியே ‘என்-ஏ-என்’ (NaN, ‘எண் அல்ல’ என்னும் பெறுமானம்) ஆக வருவது. ‘பூச்சியத்திலும் குறைவல்ல’ என்று எழுதிய அசெர்ட் அதைத் தாண்ட விட்டுவிடும். ‘பூச்சியத்துக்குச் சமன் அல்லது கூட’ என்று எழுதினால் பிடிபடும், ஏனென்றால் அந்தப் பெறுமானத்தோடு செய்யும் பெரிது சிறிது ஒப்பீடு எல்லாமே பொய்யாகும்.

பணத்தைச் சதமாக, முழு எண்ணில் வைத்திருங்கள். தசமப் புள்ளி எண்ணாக (ஃப்ளோட்) வைத்தால் நாள்முடிவுக் கூட்டுத்தொகையைச் சரிபார்க்கும் அசெர்ட், கணக்கு சரியாக இருந்தும் நிரலை நிறுத்தக்கூடும்.

அறுவடை நேரத்தில் உழவு இயந்திரங்கள் வரிசையில் நிற்கும்போது முழு நிரலும் விழுந்தால் ஆலை தாங்காது. பற்றுச்சீட்டு மட்டத்தில் ஒரேயோர் இடத்தில் பிழையைப் பிடித்து, அந்தச் சீட்டை மட்டும் ஒதுக்கி, விபரத்தைக் கோப்பில் எழுதிவிட்டு அடுத்ததுக்குப் போகச் செய்யுங்கள். கணக்கிடும் பகுதிக்குள் மட்டும் பிழையை அமுக்காதீர்கள்.